காலஞ்சென்ற ஆசீரின் கல்யாண ஓலை

சீலோபுரம் ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிக்கும்போது யாரும் சிரித்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிரித்தார்கள்.

சபைப் போதகர் நவமணி ஐயர் பாவம், என்ன செய்வார்? எழுதி வைத்திருந்ததை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று வாசித்தேவிட்டார்.

“இந்தச் சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற ஆசீர் அவர்களின் விதவை ஹெப்சிபாவுக்கும், இதே சபையைச் சேர்ந்த ஆசீருக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் தெரிவிக்க வேண்டும். இது முதலாம் ஓலை.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளை ஆசீரேதான். கணீரென்ற தொண்டை. அவர் சிரித்ததும் வாலிபர் சங்கத்துப் பையன்களும் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார்கள். பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. கமிட்டி மூத்தவர் பாக்கியநாதன் சார் மட்டும் முன் பெஞ்சில் இஞ்சி தின்ற முகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

நாலாவது பெஞ்சில் இருந்த ஹெப்சிபா சிரிக்கவில்லை. அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால் ஊருக்கெல்லாம் நர்சம்மா. சிரிப்பு அடங்கும்வரை அவள் வலப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கல்லறைத் தோட்டம். மாமனார் மாமியார் கல்லறைகளுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு இன்னும் மங்காத ஒரு சிலுவை. அதில் எழுதியிருந்ததும் ஆசீரின் பேர்தான்.

சிலுவைக்குக் கீழே கிடப்பவர், பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பவர், இரண்டு பேருக்கும் அவள் மனைவியா? அல்லது ஒருவருக்கு விதவை, மற்றவருக்கு இனிமேல்தான் மனைவியா? இதில்தான் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. பதில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

*

இது நம் பேரப்பிள்ளைகளுக்கு நரை விழுகிற காலத்துக் கதை. பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டாம், பனையில் ஏற ஆள் வேண்டாம், எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் சீலோபுரத்தில் கல்யாணம் கிடையாது. ஐயர் ஜெபம் பண்ணிக் குழியில் இறக்கி ரிஜிஸ்தரில் எழுதாமல் அடக்கமும் கிடையாது. இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் ஹெப்சிபாவை இந்த இக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தின.

ஆசீர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அந்தச் செம்மணல் தேரிக்காட்டில் அவர் ஏறாத கம்பம் இல்லை. இடது கையில் இரண்டு விரலை மின்சாரம் வாங்கிக்கொண்டது; அதைக்கூட, “அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் கால் மரத்தது. பிறகு இடுப்பு, பிறகு கை. நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. நாலு வருஷம் கட்டிலோடு கிடந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஹெப்சிபாதான் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்தாள்.

மதுரைப் பக்கம் புதுவுடல் நிலையம் ஒன்று இருக்கிறது, ஆளின் சொந்த அணுவிலிருந்தே நாற்பது வயது உடம்பு ஒன்றை வளர்த்து, மூளையில் உள்ளது அத்தனையையும் படித்து அதில் எழுதிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆசீர்தான் பிடிவாதம் பிடித்தார். ஹெப்சிபா தயங்கியபோது, பேச்சே குழறுகிற நிலையிலும் தன் தொழில் பாஷையில் விளக்கினார்.

“ஏட்டி, இதுல பயப்பட என்ன இருக்கு? கம்பம் இத்துப் போச்சு. பக்கத்துல புதுக் கம்பம் நடுதாவ. லைனை இதுலருந்து அவுத்து அதுல கட்டுதாவ. கரண்டு அதே கரண்டுதான்.”

பாக்கியநாதன் சாரும் வந்து உற்சாகப்படுத்தினார். “நாமெல்லாம் கடைசி எக்காளம் தொனிக்கும்போதுதான் மறுரூபம் ஆவோம். நீரு கொஞ்சம் முந்திக்கிடுதீரு. போயிட்டு வாரும்.”

நிலையத்தில் டாக்டர் நிரஞ்சனா பொறுமையான பெண். “எழுதி முடிச்சப்புறம் பழைய உடம்பு என்ன ஆகும்?” என்று ஹெப்சிபா கேட்டபோது அவள் ஒளிக்கவில்லை.

“ரெண்டு நாள் உறக்கத்துலயே வச்சிருப்போம்மா. எழுதினது எங்கயாவது ஒட்டலைன்னா மறுபடி படிக்கணும்ல, அதுக்காக. எல்லாம் சரின்னு தெரிஞ்சதும் அது தானா நின்னுடும். அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவர்தான் பக்கத்து ரூம்ல முழிச்சு உக்காந்திருப்பாரே.”

கையெழுத்துப் போட்ட படிவத்தில் பழைய உடம்புக்கு ஒரு பேர் இருந்தது: உயிரியல் மீதம். அதை நிலையமே தன் பொறுப்பில் எரித்துவிடும் என்று எழுதியிருந்தது. ஹெப்சிபா அதையும் வாசித்தாள். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தை நினைத்து அவள் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல.

*

வியாழக்கிழமை காலையில் மூளையைப் படித்து முடித்தார்கள். ‘மீதம்’ கிடந்த அறையில் யாரும் இருக்க வேண்டியதில்லை என்றார்கள். ஹெப்சிபா கேட்கவில்லை. நாலு வருஷம் பக்கத்தில் இருந்தவள், கடைசி இரண்டு நாளைக்கு மட்டும் காத்திருப்போர் கூடத்தில் போய் உட்காருவாளா? முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த மூன்று விரல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அந்தக் கை அவள் கையை அழுத்தியது.

ஓடிவந்த இளம் நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு, “ரிஃப்ளெக்ஸ்தான் ஆன்ட்டி, பயப்படாதீங்க” என்று சொல்லிப் போனாள். முப்பது வருஷ நர்ஸுக்குத் தெரியாதா எது அனிச்சை, எது ஆள் என்று? அந்த நோயில் நரம்புக்கு உறக்க மருந்து சரியாகப் பிடிக்காமல் போயிருக்கிறது. ஆசீர் கண்ணைத் திறந்தார்.

“முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டுங்க.”

“அப்ப நான் ஏன் இங்க கெடக்கேன்?”

அவர் கண் கூரையைச் சுற்றியது. தன் பழைய கையைப் பார்த்தது. லைன்மேன் மூளை, ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. “ஓகோ” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லை ஹெப்சிபா சாகும்வரை மறக்க மாட்டாள்.

அன்று முழுவதும் விழிப்பதும் மயங்குவதுமாக இருந்தார். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். கூப்பிட்டால் மருந்தைக் கூட்டுவார்கள், அவ்வளவுதானே? அவருக்கு மிச்சம் இருந்தது அந்த இரண்டு நாள்தான். அதையும் உறங்கிக் கழிக்க அவருக்கு மனமில்லை. பயந்தார். வெட்கப்படாமல் பயந்தார். அவள் கட்டிலில் ஏறி ஒடுங்கிப் படுத்து அவரை அணைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து அறையில் ஒரு சிரிப்புக் கேட்டது. கணீரென்ற சிரிப்பு. கால் விரலை அசைக்கச் சொல்லியிருப்பார்கள், அசைந்திருக்கும், சிரித்திருக்கிறார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின ஆசீரின் சிரிப்பு அப்படியே சுவரைத் தாண்டி வந்தது.

கட்டிலில் கிடந்த ஆசீர் கவனமாகக் கேட்டார். “அதுதான் அவனா?”

“ம்.”

“நல்லாத்தான் சிரிக்கான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பேர் வைக்கணும்னா ஈசாக்குன்னு வைக்கலாம். அதுக்கு அர்த்தம் சிரிப்புதான? வயசான காலத்துல சிரிப்பா வந்து பொறந்திருக்கான்” என்றார். அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது, தசை ஒத்துழைக்கவில்லை.

பிறகுதான் அதைக் கேட்டார். “ஏட்டி, என்னைக் குப்பையோட போட விட்டுராத. அப்பா அம்மா பக்கத்துல எடம் கெடக்கு. ஐயரக் கூப்பிட்டு முறையா அடக்கம் பண்ணு. செத்தவன்தான கடைசி நாள்ல எந்திரிக்க முடியும்? எனக்கு அதாவது வேணும்.”

“அவியட்ட சொல்லவா?” என்று அவள் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

“நீ பாத்துக்கோ. சொன்னா பயந்துருவான். எனக்குத் தெரியும்லா, நான் பயப்படுவேன்.”

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தக் கை விட்டுவிட்டது.

*

உடம்பைக் கொடுங்கள் என்று அவள் நின்றபோது நிலையத்துக்காரர்கள் விழித்தார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் கொடுக்கக்கூடாது என்றும் விதி எழுதி வைத்திருக்கவில்லை. மாலைக்குள் ஆம்புலன்ஸ் சீலோபுரத்துக்கு வந்துவிட்டது.

நவமணி ஐயர் ஊருக்கு வந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. “எங்க வீட்டு அவிய இறந்துட்டாவய்யா” என்று நர்சம்மா அழுதாள். அவர் பெட்டிக்குள் பார்த்தார். செத்த மனிதர் ஒருவர் கிடந்தார். மறுகேள்வி கேட்கவில்லை. மணி அடித்து, முழு ஆராதனை நடத்தி, மண்ணுக்கு மண் போட்டு, அடக்க ரிஜிஸ்தரில் பேர் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நாற்பது நாள் பயிற்சி முடிந்து, நிமிர்ந்த நடையும் பத்து விரலுமாகப் புது ஆசீர் பஸ்ஸைவிட்டு இறங்கினார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது: கல்யாணத்தன்று பெய்த மழை, எந்தக் கம்பத்தில் எந்தத் தேதியில் விரல் போனது, ஹெப்சிபாவுக்கு எத்தனை கரண்டி சீனி. தன் கல்லறையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏட்டி, பழைய சட்டைக்கா அடக்கம் பண்ணின?”

அவள் அவர் பையை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நல்ல மனிதர். அதே மனிதர்தான் என்று சில சமயம் அவளுக்கே தோன்றியது. மீன் முள்ளை எடுத்து அவள் தட்டில் சதையை வைக்கும்போது தோன்றியது. ஆனால் அவர் கை தோளில் படும்போதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் உடம்பு விறைத்தது. அவள் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டாள். சந்தையில் புது வியாபாரி ஒருத்தி, “மவனுக்கு இன்னும் கல்யாணம் ஆவலியாம்மா?” என்று கேட்டதை அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவள் அதற்கும் சிரிக்கவில்லை.

சிக்கல் திருவிருந்தில் வெடித்தது. புருஷன் செத்ததாக ரிஜிஸ்தர் சொல்கிறது. நர்சம்மா வீட்டிலோ ஒரு ஆண் இருக்கிறார். இருவருக்கும் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கலாமா? கமிட்டி கூடியது. பேராயர் அலுவலகத்திலிருந்து இரண்டு வழி சொல்லிக் கடிதம் வந்தது. அடக்கம் பிழையாக எழுதப்பட்டது என்று அந்த வரியை வெட்டலாம். அல்லது விதவை மறுமணம் செய்யலாம்.

“வெட்டிட்டாப் போச்சு. ஒரு கோடு, ஒரு கையெழுத்து” என்றார் பாக்கியநாதன் சார்.

ஹெப்சிபா எழுந்து நின்றாள். “அந்தப் பேரை வெட்டக்கூடாது.”

“ஏன் நர்சம்மா?”

“வெட்டக்கூடாது.”

காரணம் கேட்டு அலுத்துப் போனார்கள். ஆசீர் அதையும் விளையாட்டாக்கிவிட்டார். “ஒரே பொண்டாட்டியை ரெண்டு தடவ கெட்டுற பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும்? ஓலையை வாசிங்கய்யா.”

*

இரண்டாம் ஓலைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பாக்கியநாதன் சார் ஐயரை வாசலிலேயே மடக்கினார். ஹெப்சிபா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்; எல்லாம் காதில் விழுந்தது.

“ஏழு அண்ணன் தம்பியை ஒருத்தர் பின்னால ஒருத்தரா கெட்டுன பொம்பளயப் பத்தி ஆண்டவர்ட்ட கேட்டாங்களே, என்ன சொன்னாரு? உயிர்த்தெழுந்தவங்களுக்குள்ள கொள்வினை கொடுப்பினையே கிடையாதுன்னாரு. அப்ப இவரு உயிர்த்தெழுந்தவர்னா கல்யாணம் கூடாது. உயிர்த்தெழலன்னா இவரு சாகவே இல்ல. சாகாதவருக்கு எதுக்கய்யா அடக்கம்? நீரு செஞ்ச ரெண்டுல ஒண்ணு தப்பு. மூணாம் ஓலைக்குள்ள எதுன்னு சொல்லும். இல்லேன்னா நான் மேலே எழுத வேண்டியிருக்கும்.”

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடை வராவிட்டால் தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை நவமணி ஐயர் வீட்டுக்கே வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. “நர்சம்மா, என்னை மாத்துனா மாத்தட்டும், அது பெரிசில்ல. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னைக்கு நான் யாரை அடக்கம் பண்ணினேன்? ஒரு மனுஷனையா, ஒரு பழைய சட்டையையா? உயிர்த்தெழுதலின் நிச்சயமான நம்பிக்கையோடன்னு சொல்லி மண்ணு போட்டேன். சட்டைக்கு அதைச் சொல்லியிருந்தா நான் ஆண்டவரைக் கேலி பண்ணினவன். மனுஷனுக்குச் சொல்லியிருந்தா, அதை வெட்டச் சொல்லுததுக்கு நான் எப்படிச் சம்மதிப்பேன்?”

ஹெப்சிபா ஆறிப்போன டம்ளரை எடுத்துக்கொண்டாள். பிறகு, “ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுதேன்யா. அதை முதல்ல கேக்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்காவ” என்றாள்.

*

மறுநாள் ஆசீர் பின்வாசல் கம்பத்தின் உச்சியில் இருந்தார். புது உடம்பு வந்ததிலிருந்து ஊரில் எந்தக் கம்பத்தையும் விடுவதில்லை. நல்ல வெயில். அவள் கீழே நின்று, “இறங்குங்க” என்றாள்.

“என்ன, சொல்லு.”

“இறங்குங்க.”

கம்பத்தில் இருப்பவனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது லைன்மேன் வீட்டு விதி. அது அவருக்கும் ஞாபகம் இருந்தது. முகம் மாறி இறங்கினார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து தொடங்கினாள். கை அழுத்தியது, “ஓகோ”, கட்டிலில் ஏறிப் படுத்தது, சிரிப்பைக் கேட்டது. ஆசீர் குறுக்கிடாமல் கேட்டார். இடுப்பு பெல்ட்டைக்கூட அவிழ்க்கவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பழைய லைன்ல சப்ளை நின்ன பெறவுதான புதுசுல வந்துச்சு?”

“இல்ல. ராத்திரி முழுக்க ரெண்டுலயும் ஓடுச்சு.”

வேறு யாரும் இதை மழுப்பியிருக்கலாம். லைன்மேன் மழுப்ப முடியாது. ஒரே சப்ளையை மாற்றிக் கட்டினால் ஒன்று செத்த பிறகுதான் மற்றது உயிர் பெறும். இரண்டும் சேர்ந்து உயிரோடு இருந்தால் அவை இரண்டு லைன். ஒன்றில் கை வைத்தவன் செத்தால் மற்றதுக்கு ஒன்றும் தெரியாது.

“அவரு ரொம்ப பயந்தாரா?” ‘நான்’ என்று அவர் சொல்லவில்லை.

“பயந்தாவ.”

“என்ட்ட ஏன் சொன்ன?”

“சொல்லாம உங்க கையப் பிடிக்க என்னால முடியல” என்றாள் ஹெப்சிபா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஐயரு வேற தன்னையே சந்தேகப்படுதாரு. அவியளுக்கு ஒரு சாவு இருந்துச்சுங்க. அதையும் நான் மூடி மறைச்சா, அவிய செத்ததுக்கு யாரு சாட்சி?”

அவர் பெல்ட்டை அவிழ்த்துக் கம்பத்தில் மாட்டினார். வாசலைத் தாண்டி நடந்தார். அன்று சாப்பிட வரவில்லை. ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்குட்டியின் அறையில் தங்கியிருப்பதாகவும், பகலெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டுவதாகவும் மறுநாள் தெரிந்தது. வியாழன், வெள்ளி, சனி. அவள் மூன்று வேளையும் இலை போட்டு மூடி வைத்தாள். இரண்டாம் தடவையும் அவரைச் சாகடித்துவிட்டேனோ என்று பயந்தாள். பிறகு, இரண்டாம் தடவை என்று எப்படிச் சொல்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

*

மூன்றாம் ஞாயிறு ஆலயம் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நவமணி ஐயர் ஓலையை எடுத்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் என்று வாசித்து நிறுத்தினார். பாக்கியநாதன் சார் எழுவதற்காகக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

அதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “தடை இருக்குய்யா.”

எல்லாரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்றார். கையெல்லாம் முள் கீறல்.

“மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகல. ஞானஸ்நானம் ஆகாதவனுக்குக் கோயில்ல கல்யாணம் எழுதலாமா?”

பாக்கியநாதன் சார் துள்ளி எழுந்தார். “என்னவே பேசுதீரு? உமக்கு ஆனது ரிஜிஸ்தர்ல இருக்கு. உம்ம அப்பாவும் எங்க அப்பாவும் சேந்துதான் சாட்சி நின்னாங்க.”

“அது அந்தா கெடக்காவளே, அவியளுக்கு ஆனது” என்று அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “சார், நீங்க கேட்ட கேள்விக்கு என்ட்ட விடை இருக்கு. செத்தவங்க எந்திரிப்பாங்கன்னு நாம நம்புதோம். நான் எந்திரிச்சவன் இல்ல. நான் இன்னும் சாகவே இல்ல. நான் பொறந்து அஞ்சு மாசம்தான் ஆவுது. அவிய ஞாபகத்தை எல்லாம் தூக்கிட்டு வந்திருக்கேன்; அவிய சாவை மட்டும் என்ட்ட யாரும் எழுதித் தரல. அதை அவிய தனியா செத்தாவ. நர்சம்மா மட்டும் கூட இருந்தாவ.” ஐயர் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க அடக்கம் பண்ணினது ஒரு மனுஷனைத்தான். அதுல ஒரு எழுத்தையும் வெட்டாதீங்க.”

நவமணி ஐயர் ஓலையை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்க அவருக்கு அங்கியின் கை உதவியது. பாக்கியநாதன் சார் நின்றபடியே வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “நான் அவருக்கு ஒரு பூமாலை கூடப் போடலியே” என்று சொல்லி உட்கார்ந்தார். சிறுவயது முதல் கூட்டாளி. செத்தது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சேதி பரவியது. அந்த மாதமே ஏழு குடும்பங்கள் புதுவுடல் நிலையத்துக்கு எழுதிக் கேட்டன: எங்கள் ஆளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? டாக்டர் நிரஞ்சனா ஒருநாள் தனியாக வந்தாள். கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். “எத்தனை பேர் முழிச்சிருப்பாங்கன்னு எங்களுக்கே தெரியாதும்மா. நாங்க அந்த ரூம்ல ஆளே வைக்கலையே” என்று ஹெப்சிபாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

*

ஞானஸ்நானம் மூன்றாம் ஓலைக்கு அடுத்த ஞாயிறே நடந்தது. நாற்பது வயது தோற்றமுள்ள ஒருவர் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். சாட்சியாக ஒரு பக்கம் பாக்கியநாதன் சார், மறுபக்கம் ஹெப்சிபா. சாட்சிகள்தான் பேர் சொல்ல வேண்டும் என்பது முறை.

“இவருக்குப் பேர் என்ன?” என்று ஐயர் கேட்டார்.

பாக்கியநாதன் சார் அவளைப் பார்த்தார். குனிந்திருந்தவரும் தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பேரை மட்டும் அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“ஈசாக்கு” என்றாள் ஹெப்சிபா. “எங்க வீட்டு அவிய வச்ச பேரு.”

தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எது தண்ணீர், எது கண்ணீர் என்று தெரியவில்லை. வாசலில் எல்லாரும் கை கொடுத்தார்கள். வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன், “ஈசாக்கு மாமா” என்று கூப்பிட்டுப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது.

நவமணி ஐயருக்கு ஒரு பாரம் இறங்கிய உற்சாகம். அங்கியைக்கூடக் கழற்றாமல் ஹெப்சிபாவிடம் வந்தார். “இனி ஒரு தடையும் இல்லையே நர்சம்மா. அடுத்த ஞாயிறே புது ஓலை எழுதிரட்டுமா?”

ஹெப்சிபா கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புச் சிலுவைக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். பாக்கியநாதன் சாராகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாகத் தெரிந்தவர். இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள்.

“அவசரம் என்னய்யா?” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “மாப்பிள்ளை இன்னும் என்னைப் பொண்ணே கேக்கலியே. முதல்ல முறையா வீட்டுக்கு வந்து கேக்கட்டும். பெறவு யோசிச்சுச் சொல்லுதேன்.”

ஈசாக்கு சிரித்தார். அதே கணீர்ச் சிரிப்பு, கல்லறைத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். அதைக் கேட்டு உடம்பு விறைக்காமல் ஹெப்சிபா நின்றது அதுதான் முதல் தடவை.